ஹலீமாவின் டொலரை மாற்ற விடாதவன்

என்னைக் கூப்பிட்ட முகாமையாளர், "சேர், புதுசா வந்த பிள்ளைகளுக்கு உங்கட இனிமையான அனுபவங்கள் நாலைச் சொல்லுங்க" என்றார். இனிமையாவது மண்ணாங்கட்டியாவது! பேங்கில் வெளிநாட்டுக் காசு வரும் கவுண்டரில் முப்பது வருசம் குந்தியிருந்தவனிடம் இனிமையைக் கேட்டால் அவன் எங்கே போவான்? சரி, வந்தேன். வந்த இடத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு உங்கட கவுண்டர் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே ஒரு தம்பி, பேர் சொல்லவில்லை, பயப்படாதீங்க, கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பின காசை மாற்ற வந்த ஒரு உம்மாவிடம், போனைப் பார்த்துக்கொண்டே, "இப்ப மாத்தாதீங்க உம்மா, ரெண்டு கிழம பாருங்க, ரேட் ஏறும்" என்றார். அந்த உம்மாவும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஆகவே இனிமையான நாலும் வேண்டாம். ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். அது நான் ஒரு பொம்பிளைக்குச் செய்த அநியாயம். குறிப்புப் புத்தகங்களை மூடி வையுங்க, இதில் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஹலீமா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பேரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கல்முனையில் எங்கட கிளையிலிருந்து நடந்தால் பத்து நிமிசம்கூட ஆகாது அவவின் ஒழுங்கைக்கு. புருசன் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள், நஸ்ரியா என்று வைத்துக்கொள்வோம். எங்கட பக்கத்து வழமை உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணைப் பெத்தவர்கள் கட்டி, அவளின் பேரில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு இல்லாத பிள்ளைக்கு மாப்பிள்ளை இல்லை. இந்த ஒரு வழமையால் எங்கட ஊர்த் தாய்மார் எத்தனை பேர் அரபி வீட்டுக் கக்கூஸைக் கழுவினார்கள் என்று எந்தப் பெரிய மனுசனும் எழும்பி நின்று பேசுவதில்லை. பேச வெளிக்கிட்டால் அவனவன் வீட்டுச் சுவரே பதில் சொல்லும் என்று பயம். அதை இப்போது விடுவோம்.

ஹலீமா அந்த வீட்டுக்காகத்தான் சவூதிக்குப் போனா. அங்கே மடம், அதுதான் வீட்டு எசமானி, சம்பளத்தை மாதா மாதம் கொடுக்கவில்லை. கையில் பிடித்து வைத்து, ரெண்டு வருசம் முடிய மொத்தமாகக் கொடுத்தா. அந்த மொத்தத்தை ஹலீமா எங்கட கிளைக்கு அனுப்பினா. டொலராகவே இருக்கும் கணக்கு ஒன்றை நான்தான் அவவுக்குத் திறந்து கொடுத்திருந்தேன். வேண்டும்போது மாற்றி எடுக்கலாம் என்று சொன்னதும் நான்தான். ரெண்டாவது ஒப்பந்தத்தில் அவ இருந்த நேரத்தில்தான் சுனாமி வந்தது.

புருசனைக் கடல் கொண்டுபோனது. கடற்கரைப் பக்கம் இருந்த பழைய வீட்டையும் கொண்டுபோனது. நஸ்ரியா அன்றைக்கு மெயின் ரோட்டுக்கு மேற்கே, ஹலீமாவின் தங்கச்சியான சாச்சியின் வீட்டில் நின்றதால் தப்பினாள். சாச்சி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹலீமாவின் உம்மா எழுதிக் கொடுத்த துண்டுக் காணி ஒன்று. அதில் நஸ்ரியாவின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டு வைத்திருந்தார்கள். அது ஒன்றுதான் மிச்சம். மாப்பிள்ளையும் பேசி முடித்திருந்தது. தகப்பன் மையித்தான வீடு என்று இரங்கி, மாப்பிள்ளை வீட்டார் "நோன்புக்கு முந்தி வீடு முடிஞ்சாக் காணும்" என்று தவணை கொடுத்தார்கள். பாருங்க, அதுவும் இரக்கம்தான் எங்கட ஊரில்!

புருசனின் ஜனாஸா அடக்கத்துக்கும் வர முடியாத ஹலீமா, அழுது முடிக்காத குரலோடு, ஒரு வெள்ளிக்கிழமை எங்கட கிளைக்குப் போன் எடுத்தா. பாஸ்போட் மடத்தின் கையில். இடையில் விட்டுவிட்டு வந்தால் அந்த ஒப்பந்தத்துச் சம்பளம் அப்படியே போகும். ஊரில் ஆம்பிளை என்று கேட்க ஆளில்லை. அதனால் என்னிடம் கேட்டா.

"சேர், எண்ட சல்லி இரிக்கிதானே?"

"ஓம் தங்கச்சி, ஒண்டும் ஆகல்ல. இரிக்கி."

"மேசன் ஒராள் செல்லுறாராம், பத்து நாளுக்குள்ள முழுச் சல்லியும் குடுத்தாப் பழைய விலைக்குக் கல்லும் சீமெந்தும் எடுத்து நோன்புக்கு முந்தி ஓடு போட்டுத் தாறெண்டு. டொலர இப்ப மாத்துறதா சேர், வைக்கிறதா? போன் கார்ட் முடியப் போகுது, கெதியாச் செல்லுங்க."

தம்பிமார், தங்கச்சிமார், அந்தக் கேள்வியை நல்லாகக் கேளுங்க. அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. மேசன் இருக்கிறார், விலை இருக்கிறது, பத்து நாள் இருக்கிறது, நோன்பு என்று ஒரு தவணை இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை. ஏன் என்றால் எனக்கு அந்த நேரம் அறிவு கூடிப்போயிருந்தது.

நாடே அழிந்து கிடக்குது, ரூபாய் விழாமல் என்ன செய்யும் என்று நான் கணக்குப் போட்டேன். நான் மட்டும் இல்லை, கிளையில் எல்லாரும் அதையே கதைத்தோம். வெள்ளம் ஏறின கிளையைக் கழுவி, ஈர மேசையில் வேலை செய்துகொண்டு, ஒவ்வொருத்தரும் பொருளாதார நிபுணர்! இன்னொன்றும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வெளிநாட்டு நாணயக் கணக்குகளில் இருக்கும் பணம் குறையக் கூடாதாம், வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்தி வைத்திருக்கச் செய்ய வேண்டுமாம். அப்போதிருந்த முகாமையாளர் அதை என் மேசையில் வைத்து, "உங்கட சனம்தானே, உங்கட சொல்லக் கேக்கும்" என்றார். ஊரெல்லாம் மையித்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு டொலர் குறையக் கூடாது. எனக்கும் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை.

"வைங்க தங்கச்சி," என்றேன். "ரூபாய் விழப் போகுது. ஒரு மாசம் பொறுத்தீங்கெண்டாக் கூடக் கிடைக்கும்."

"சேர் செல்லுறாப்போல," என்றா. கார்ட் முடிந்தது.

ரூபாய் விழவில்லை. ஏறியது. ஏன் ஏறியது தெரியுமா? எங்கட சாவுக்காக உலகமே இரங்கியது. உதவி என்று டொலர் வந்தது, வரப்போகுது என்று பேச்சும் வந்தது, நாட்டுக்குக் கடன் தந்தவனெல்லாம் கொஞ்சம் பொறுக்கிறோம் என்றான். டொலர் மலிந்தது, ரூபாய்க்கு மவுசு வந்தது. ரியால் என்பது டொலரோடு கட்டிப்போட்ட மாடு, டொலர் போகும் பக்கம்தான் போகும். அதுவும் சேர்ந்து விழுந்தது. ரியாலுக்கு ஒரு ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஒரு ரூபாய்தானே என்று சிரிக்காதீங்க. ரெண்டு வருசச் சம்பளத்தை ரியால் ரியாலாக எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாயைப் பிடுங்கிப் பாருங்க. எங்களுக்காக அழுத உலகத்தின் காசு, எங்கட பொம்பிளை உழைத்த காசை அரித்துத் தின்றது. பத்திரிகையில் என்ன போட்டான்? 'ரூபாய் பலமடைந்தது' என்று போட்டான். கொழும்பில் ஆரோ ஒருத்தர் அதற்குச் சந்தோசப்பட்டுப் பேட்டியும் கொடுத்தார். யாருக்கடா பலம்? இறக்குமதிக்காரனுக்குப் பலம். அரபி வீட்டில் தரை துடைக்கிறவளுக்கு அது சம்பள வெட்டு. ஆரும் அவளைக் கேட்டு வெட்டவில்லை.

அதோடு நின்றதா? உதவி நிறுவனங்கள் வாகனம் வாகனமாக வந்து இறங்கின. மேசனையும் மரவேலை ஓடாவியையும் இரட்டிப்புக் கூலிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். மண்ணும் கல்லும் சீமெந்தும் விலை ஏறின. ஹலீமாவுக்குச் சொன்ன அந்த மேசன் பத்தாம் நாள் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதினோராம் நாள் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு பக்கம் ஹலீமாவின் சல்லி சுருங்குது, மறு பக்கம் வீட்டின் விலை வீங்குது. நான் நடுவில் ரேட் பலகையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

இதுவரைக்கும் நான் செய்தது மடத்தனம். மடத்தனத்தை மனுசர் மன்னிப்பார்கள். இதற்குப் பிறகு செய்ததைக் கேளுங்க.

சித்திரை மாசம் மறுபடி போன் எடுத்தா. இந்தத் தடவை கொஞ்சம் பயந்த குரல்.

"சேர், இப்ப எவ்வளவுக்குப் போகுது?"

சொன்னேன். 

"அப்பக் குறஞ்சிட்டே சேர்?"

"ஓம், கொஞ்சம் குறஞ்சிதான் இரிக்கி."

"அந்த மேசன் போயிட்டாராம். வேறொராள் இரிக்கார், கூலி கூட. இப்ப மாத்தினாச் சுவரு மட்டும் எழுப்பலாமெண்டு எண்ட தங்கச்சி செல்லுறா. மாத்தட்டா சேர்?"

அப்போது எனக்குத் தெரியும். நான் சொன்னது பிழை, பிழைத்துப் போச்சு என்று நல்லாகத் தெரியும். அந்த ரேட் எப்போது திரும்பும் என்று எனக்கும் தெரியாது, எங்கட தலைமையகத்துக்கும் தெரியாது என்பதும் தெரியும். "தங்கச்சி, நான் பிழையாச் சொல்லிட்டன், நட்டம்தான், ஆனா இருக்கிறத இண்டைக்கே மாத்திச் சுவர எழுப்புங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்து மேசையில் ரெண்டு பேர் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருபத்தஞ்சு வருசத்து உத்தியோகத்தன், பிழை விட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"இப்ப மாத்தினா நட்டம் தங்கச்சி," என்றேன். "இன்னுங் கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தா. என்னை நம்பிப் பொறுத்தா. புருசனைப் பறிகொடுத்தவ, பிள்ளையை வருசக்கணக்கில் காணாதவ, அரபி வீட்டு மாடிப்படியில் குந்தியிருந்து, பேங்க் சேர் சொன்னார் என்று பொறுத்தா. எனக்கு இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைய வேணும்போல இருக்கு.

நோன்பு வந்தது. காணியில் அத்திவாரத்தில் புல் நின்றது. பெருநாள் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வீடு முடிந்த பிள்ளையாகப் பார்த்தார்கள். ஹலீமா ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீட்டினா. டொலரை அந்த ரேட்டுக்கே மாற்றி, சாச்சியைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் எழுப்பினா. அதை மாற்றிக் கொடுத்தவனும் நான்தான். அந்த முறை அவ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "மாத்துங்க சேர்" என்று மட்டும் சொன்னா.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் எழும்பி ஓடிவிடுவீங்க. ரேட் என்ன ஆகும் என்று கேட்டு ஒருத்தர் வந்தால், "தெரியாது" என்று சொல்லுங்க. வாய் கோணாது. பிறகு, இந்தச் சல்லி என்னத்துக்கு, எப்போதைக்கு வேணும் என்று கேளுங்க. கூலிக்கு, ஃபீஸுக்கு, ஆஸ்பத்திரிக்கு, வீட்டுக்கு என்று நாள் குறித்த தேவை என்றால் அந்த நாளுக்கு வேண்டியதை அன்றைய ரேட்டுக்கு மாற்றிக் கொடுங்க. தேவைக்கு நாள் உண்டு. ரேட்டுக்கு நாள் கிடையாது. தேவை ஒன்றும் இல்லாத காசை வேண்டுமானால் வைத்துச் சூதாடட்டும். நீங்கள் சொன்ன பிறகு பிழைத்துப் போனால், அந்த ஆளுக்குப் போன் எடுத்துப் பிழைத்துவிட்டது என்று சொல்லுங்க. அந்த ஆள் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இதை எந்தச் சுற்றுநிருபத்திலும் போட மாட்டான்.

ஹலீமா திரும்பி வந்தது இடுப்பு முறிந்து. எலும்பில் ஏதோ நழுவிப்போச்சாம், வாளி தூக்க ஏலாது. வந்து கொஞ்ச நாளில் கிளைக்கு வந்தா, கணக்கு ஒன்று திறக்க. படிவத்தை வாங்கிப் பார்த்தேன். காசு அனுப்பப் போகிறவர் பேர் நஸ்ரியா. நாடு, குவைத்.

"புள்ள போகப் போறாவா?" என்றேன்.

"போயிட்டா சேர். சுவரு நிக்கிது, கூர வேணுமே."

 முத்திரையைக் குத்தினேன்.

பிறகு யுத்தம் முடிந்தது. ரோட்டில் வெடி கொளுத்தினார்கள், போகிற வருகிறவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். கிளைக்குள் ஆளுக்கொரு ஆரூடம், இனி ரூபாய் பொன் ஆகும் என்று. நான் ரேட் பலகையைப் பார்த்தேன். யுத்தத்தின் கடைசி மாசங்களில் ரூபாய் விழுந்து விழுந்து, அன்றைக்கு ஹலீமாவுக்கு நான் வரும் என்று சொன்ன விலையையும் தாண்டி நின்றது. நாலு வருசம் பிந்தி நான் சொன்னது சரி வந்திருந்தது! சிரிப்பதா, பலகையைப் பிடுங்கி எறிவதா என்று தெரியவில்லை.

அந்த வருசம் எனக்கு ஹஜ்ஜுக்கு வாய்த்தது. போவதற்கு முன் வீடு வீடாகப் போய், நாங்கள் பிழை செய்தவர்களிடம் "பொருந்திக்கங்க" என்று கேட்க வேண்டும். மன்னித்துவிட்டேன், பொருந்திவிட்டேன் என்று அந்த ஆள் வாயால் சொல்ல வேண்டும். சொந்தக்காரர், அயலார், பழைய சண்டைக்காரர் என்று எல்லாரிடமும் கேட்டு முடித்தேன். ஒரு வீடு மட்டும் பாக்கி. போகாமல் நாளைக் கடத்தினேன். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் ஒரு பின்னேரம் நடந்து போனேன். அத்தனை வருசத்தில் அந்தக் காணிக்கு நான் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. உலகச் சந்தையில் டொலர் என்ன விலை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, பத்து நிமிச நடையில் இருந்த அத்திவாரத்தை ஒருநாள் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு ஓடு போட்டிருந்தது. கதவும் இருந்தது, பூட்டியிருந்தது. ஹலீமா பின்னால் தகரம் அடித்த குசினிக்குள் அடுப்புப் பக்கம் பாயில் இருந்தா. மகள் வந்து குடிபுகாமல் அந்த வீட்டுக்குள் படுக்க மாட்டாவாம். எனக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டா.

"தங்கச்சி, பயணம் போகப் போறன். உங்கட வாழ்க்கையில நான் பெரிய பிழ செஞ்சவன். பொருந்திக்கங்க," என்றேன்.

"எண்ட பங்க எப்பயோ பொருந்திட்டன் சேர். மனசுல வெச்சிக்கிட்டு என்ன செய்யிற? ஆனா மகள்ட பங்கு எண்ட கையில இல்லயே. அவட்டக் கேளுங்க. இது அவ பகல் வேல முடிஞ்சி ஒடம்பச் சாய்க்கிற நேரந்தான்."

தன் போனில் எடுத்து என் கையில் தந்தா.

"உம்மா, என்ன இந்த நேரத்தில? ஒடம்புக்கு ஏலாமப் போச்சா?" என்று ஒரு குரல் பதறியது. அந்தக் குரலை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"உம்மாக்கு ஒண்டுமில்ல மகள். நான் பேங்க் சேர்." ஹஜ்ஜுக்குப் போவதைச் சொன்னேன். பொருத்தம் கேட்டேன்.  அவள் மெதுவாகக் கேட்டாள்.

"சேர், முதல்தரம் நீங்க வைக்கச் சொன்னத நான் பெருசா எடுக்கல்ல. அது ஆருக்கும் பிழைக்கும். ரெண்டாந்தரம் உம்மா எடுத்தப்ப, பிழைச்சிட்டெண்டு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மகள்."

"அப்ப என்னத்துக்கு மறுகாவும் பொறுங்கெண்டு செல்லினீங்க?"

ஹஜ்ஜுக்குப் போகிறவன் பொய் சொல்ல ஏலாது. "வெக்கத்துக்கு," என்றேன். "பிழ எண்டு ஒத்துக்க வெக்கமாப் போச்சு."

"உங்கட வெக்கத்துக்கு நான் இஞ்ச வந்து கிடக்கன் சேர்," என்றாள். குரல் உயரவில்லை. "எனக்குப் பொருந்த ஏலா. நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க. போன உம்மாட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவர்கள் கதைத்து முடியும் வரை முற்றத்தில் வெயிலில் நின்றேன். மூன்றாம் நாள் பயணம் போனேன், எல்லாக் கடமையும் முடித்தேன், ஹாஜியார் என்று கூப்பிடுகிறீர்கள். அந்தப் பிள்ளை இன்னும் பொருந்தவில்லை.